அடித்தட்டு வாசிகள்

குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு, காய்கறிகள் குப்பைக்குப் போகும் வழியில் சில நாள் தங்கிச் செல்லும் சத்திரம். அதன் நிரந்தர வாடிக்கையாளர் கொத்தமல்லி. ரசத்துக்கு வேண்டியது நாலு தழை. கடையில் கிடைப்பதோ ஒரு கட்டு. கொசுறாக வரும் கறிவேப்பிலையை வேண்டாம் என்பவரும் இல்லை. முதல் நாள் பச்சை, சில நாளில் மஞ்சள், அடுத்த வாரம் பைக்குள் கருங்குழம்பு. காரணம் எளிது: கட்டிய பையில் தேங்கும் ஈரம் இலையை அழுகவைக்கிறது, பக்கத்தில் பழுக்கும் தக்காளி விடும் எத்திலீன் வாயு அதை மஞ்சளாக்குகிறது. பழையது உள்ளே இருப்பது தெரிவதற்குள் புதுக்கட்டும் வந்துவிடும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளின் கைங்கரியம். தோலும் கொட்டையும் சேர்ந்த கணக்குதான் என்பது சிறு ஆறுதல்.

பரிகாரம் உண்டு. வேரை நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்தால் கொத்தமல்லி கூடுதல் நாள் தாங்கும். அதற்கென வாங்கிய டப்பா, பெரும்பாலும் மேல்தட்டில் முந்தாநாள் சாம்பாரைப் பாதுகாத்துக்கொண்டிருக்கும்.