மருமவனே, நிக்கப் போறியாமே!

ரிங்லெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போன உங்க அத்தை, வெங்காயத்தை மறந்துட்டு இந்தச் சேதியத் தூக்கிட்டு வந்துட்டா. நல்லது மருமவனே. உன்ன மாதிரிக் கடைக்காரன் தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. 1929ல போ (BOH) தேயிலைத் தோட்டம் போட்ட நாள்லேருந்து நம்ம சனம் இந்தக் கேமரன் மலையில கொழுந்து கிள்ளுச்சு. சென்னைக் கோட்டைக்குப் போனது என்னமோ பெரியகுளத்துல அதை ஆத்திக் குடுத்த ஆளு!

ஓ. பன்னீர்செல்வத்தைத்தான் சொல்றேன். டீக்கடை வெச்சிருந்தவரு. 1996ல நகராட்சித் தலைவர், 2001ல எம்.எல்.ஏ. அதே வருஷம் செப்டம்பர்ல, ஜெயலலிதா முதலமைச்சரானது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்ல, நாற்காலி இவருக்கு வந்துச்சு. 2002 மார்ச்சுல அந்தம்மா திரும்பினதும் தூசி தட்டிக் குடுத்துட்டாரு. 2014ல மறுபடியும் கூப்பிட்டாங்க. அழுதுக்கிட்டே பதவி ஏத்துக்கிட்டாரு. பணிவுன்னு ஊரே மெச்சுச்சு. நான் சொல்றேன், அது சுத்தமான கடைப் புத்தி. முதலாளி வெளியூர் போனா கல்லாவுல உட்காரலாம், சாவியை இடுப்புல முடிஞ்சுக்கக் கூடாது.

அந்தம்மா போய்ச் சேர்ந்தப்புறம் மூணாவது தடவை உட்கார்ந்தப்பதான் அந்த ஆசை வந்துச்சு. 2017 பிப்ரவரியில மெரினாவுல அம்மா சமாதி முன்னால கண்ணை மூடி உட்கார்ந்தாரு. எழுந்திரிச்சு வாயைத் திறந்தாரு. ராஜினாமா குடுத்த நாற்காலி திரும்பி வரல. அப்புறம் துணை முதலமைச்சர். 2022 ஜூலையில கட்சியை விட்டே நீக்கம். 2024ல ராமநாதபுரத்துல பலாப்பழச் சின்னத்துல சுயேச்சையா நின்னா, அதே பேருல இன்னும் நாலஞ்சு பன்னீர்செல்வம் வரிசையில நிக்கிறான்! அப்படியும் ரெண்டாவது இடம். சனத்துக்குச் சரக்கு பார்த்து எடுக்கத் தெரியுது, என்ன சொல்ற?

நம்ம கேமரன் மலைத் தொகுதிக் கணக்கு இன்னும் மோசம். 2013ல மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் பழனிவேலே 462 வோட்டு வித்தியாசத்துலதான் கரையேறினாரு. 2018ல அதே கட்சிக்கு 597. அதுவும் நிலைக்கல, பூர்வகுடி வாக்காளருக்குப் பணம் போச்சுன்னு தேர்தல் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. 2019 ஜனவரி இடைத்தேர்தல்ல, ம.இ.கா. இருக்கற கூட்டணியான தேசிய முன்னணி ரம்லி முகமட் நோரை நிறுத்துச்சு. செமாய் இனத்துக்காரரு, போலீஸ் அதிகாரியா இருந்தவரு. 3,238 வோட்டு வித்தியாசத்துல ஜெயிச்சு, மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி ஆனாரு. 2022லயும் அவருதான். அந்தப் பூர்வகுடிக் கிராமங்கள் பக்கம் உன் வேன் என்னிக்காவது போயிருக்கா? ஆத்தர அவசரத்துக்கு அரிசி கேட்டாலே, "மழை, மாமா, ரோடு சரிஞ்சிருக்கும்"னு சொல்ற ஆளு நீ.

டெபாசிட் 10,000 வெள்ளி கட்டணும். எட்டுல ஒரு பங்கு வோட்டு விழலேன்னா அது திரும்பி வராது. அதுக்குக் கடைக்கு நல்லதா ஒரு ஐஸ் பெட்டி வாங்கலாம். உன் கடைத் தயிரு மத்தியானத்துலயே புளிச்சுப் போவுதுன்னு உங்க அத்தை புலம்புறா.

நிக்கத்தான் செய்வேன்னா, உன்கிட்ட இருக்கற ஒரே ஆயுதம் அந்த 555 கடன் நோட்டு. லயத்துல பாதிப் பேரு அதுலதான் இருக்கான். கடனைக் கேட்டியோ, வோட்டு போச்சு. தேர்தல் நேரத்துல கிழிச்சுப் போட்டியோ, லஞ்சம்னு கோர்ட்டுக்கு இழுப்பான். அதனால என் பக்கத்தை மட்டும் இன்னிக்கே கிழிச்சுடு மருமவனே. தேதி இன்னும் அறிவிக்கலையே!