பெரியப்பாவுக்குப் பதிலாக ஒரு பை

இன்றைக்கு மலையேறக் கிளம்புகிற பிள்ளைகளின் முதுகுப்பையைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னக் கடையே இருக்கிறது: நெற்றியில் மாட்டும் விளக்கு, மடங்கிக்கொள்ளும் அலுமினியக் கோல், முழங்கால்வரை ஏறும் அட்டைக்கடி உறை, சுனைத் தண்ணீரை வடிகட்டும் குழாய், நெஞ்சுப்பட்டையிலேயே பொருத்திய விசில். எல்லாம் நல்ல சாமான்கள்தான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. எண்பதுகளில் நாங்கள் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறியபோது இதில் முக்கால்வாசிக்குப் பதிலாக எங்களிடம் ஒரு பெரியப்பா இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சாமான் பிரித்துக் கொடுக்கும் விதமே தனி. மூன்று செல் டார்ச் அவர் கையில். தீப்பெட்டி ஒருவனிடம், கத்தி இன்னொருவனிடம், புளிசோற்று மூட்டை ஒருவன் தலையில், ஊறுகாய் அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா மகனிடம். யாரிடமும் எல்லாம் இராது. பூண்டி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் படியேறும்போது, அந்த ஒற்றை வெளிச்சத்தை விட்டு நாலடி பின்தங்க யாருக்குத் தைரியம் வரும்? இப்போது ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு உணவுப் பொட்டலம். ஒருவர் தயவும் ஒருவருக்கு வேண்டாம், ஆகவே ஆளுக்கொரு வேகம். முன்னே போனவன் மூன்றாம் மலையில் படம் பிடித்துக்கொண்டிருக்க, பின்னே வருபவன் முதல் மலையில் சார்ஜ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கைதட்டினால் நீர் சுரக்கும் என்று சொல்லப்படுகிற கைதட்டிச் சுனையில் நாங்கள் வலிக்க வலிக்கத் தட்டிவிட்டு, ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த தண்ணீரை எங்கள் தட்டலுக்கு வந்ததாகவே எண்ணி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தோம். அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கும்போது கிருமியைப் பற்றி எவன் நினைத்தான்? இப்போதைய வடிகட்டியின் துளை 0.1 மைக்ரான், பாக்டீரியா நுழையாது. சுனைக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாசனை மட்டும் எப்படியோ நுழைந்துவிடுகிறது.

குளிருக்குப் பெரியப்பா வைத்திருந்த விதி, மாற்றுச் சட்டையை வழியில் எக்காரணம் கொண்டும் போடக்கூடாது என்பது. பாலித்தீன் பையில் சுருட்டிக் கட்டி, ஏழாம் மலையில் காற்று அறையும்போதுதான் பிரிக்க வேண்டும். "வேர்த்த சட்டையோட உக்காந்தீன்னா வெறைச்சுப் போயிருவே கண்ணு" என்பார். காலேஜ் படித்த நான் அதைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று சிரித்தேன். கட்டம் போட்ட புதுச் சட்டையை வழியெல்லாம் நாலு பேர் பார்க்க வேண்டாமா! நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உலர்ந்த அடுக்கு ஒன்று தனியே இருக்கட்டும் என்று அதே சங்கதியைக் கடைக்காரப் பையன் இன்று அட்டவணை காட்டி விளக்க, நான் தலையாட்டிக்கொண்டே நாலாயிரம் ரூபாய்க்குக் காற்றுச்சட்டை வாங்கியிருக்கிறேன். வழி தப்பினால் நின்ற இடத்திலேயே நில், தேடி வருவார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். மீட்புக் குழுவினர் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்று முறை விசில் ஊதினால் ஆபத்து என்று உலகத்துக்கே தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவருடைய 'ஓய்' அடுத்த மலைவரை கேட்கும் என்பதால் தேவையும் படவில்லை.

அவர் இடுப்பில் சுற்றியிருந்த கயிறு விஷயத்தில் நான் அவர் கட்சியில்லை. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டத்தான் அது. கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்கிறது இன்றைய மருத்துவம். நல்லவேளை, அந்தக் கயிறு கடைசிவரை துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது.

பழையதெல்லாம் பொன் என்று பாடவும் மனம் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்கள். கோடையில் காய்ந்த புல் பற்றினால் தீ மேட்டை நோக்கித்தான் பாயும், மனிதன் ஓடுவதைவிட வேகமாக. நாங்கள் மாசி பங்குனியில் பீடியும் கற்பூரமுமாக ஏறி இறங்கிய பாதைகளை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது. அந்தத் தீக்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் முன்பதிவு வைத்தது. இத்தனை கருவிகளும் செயலிகளும் வந்த பிறகும், அந்தப் பாதைகளில் வழிகாட்டி ஒருவர் முன்னே போகாமல் ஏற விடுவதில்லை. பழங்குடி ஊர்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற அந்த இளைஞர்கள் மிதிபட்ட புல்லையும் லத்தியின் ஈரத்தையும் பார்த்து யானை போன திசையைச் சொல்கிறார்கள். பெரியப்பாவை ஒழித்துக்கட்டிய முன்னேற்றம், சீருடை மாட்டி அவரைத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறது. இப்போது பணம் கட்டினால் ரசீது வேறு.

இந்த வருஷம் என்னையும் கூட்டிப்போவதாக மகன் சொல்கிறான். இதய நோய், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாமென்று வனத்துறை எச்சரிப்பதைப் படித்துக்காட்டி, அதனால் தினமும் பை சுமந்து ஐந்து மாடி ஏறி இறங்க வேண்டும், லிஃப்ட் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறான். நேற்று மூன்றாம் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நெற்றியில் விளக்கு, இன்னொரு கையில் அலுமினியக் கோல். கதவைத் திறந்த அந்த வீட்டுக்காரர், "லிஃப்ட் ரிப்பேருங்களா சார்?" என்றார்.

"இல்லீங்க, வெள்ளியங்கிரிக்குப் போயிட்டிருக்கேன்" என்றேன்.