வளவு வீட்டு வாடகை

சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். மாதம் 20 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டு இன்று சிரிப்பவர்கள் அன்றைய அரிசி விலையையும் விசாரித்துவிட்டுச் சிரிக்கலாம். ஐந்து வருஷம் கழித்து 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பது ஓர் ஆட்சியையே மாற்றிய வாக்குறுதியாக இருந்தது. அந்தக் கணக்கில் 20 ரூபாய் என்றால் 20 படி. ஒரு கிழவி ஒரு மாதம் வயிறாரச் சாப்பிட்டாலும் மிச்சமிருக்கும்.

எனக்கு நினைவு தெரிந்தது எண்பதுகளில். அப்போது அந்தத் தொகை கொஞ்சம் ஏறியிருந்தது. திருநெல்வேலிப் பேட்டையில் கூட்டுறவு நூற்பாலை ஓடிக்கொண்டிருந்தது. ஆலை வேலை கிடைக்காத வீடுகளில் பெண்கள் பீடி சுற்றினார்கள். எங்கள் ஆச்சியும் அப்படித்தான். தாத்தா போனபிறகு கண் மங்கும்வரைக்கும் சுற்றினாள். அதன்பிறகு கிராம அதிகாரி ஒருவர் வந்து பார்த்து எழுதிப் போனார். அவருக்கு விசாரணை என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. தெருவில் யார் வீட்டு அடுப்பு எத்தனை நேரம் எரிகிறது என்பது அவருக்குத் தெரியும்.

மாதா மாதம் மணியார்டர் வந்தது. தபால்காரர் சைக்கிளை வளவு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவார். வளவு என்றால் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். நடுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஒற்றை அறை வீடுகள். ஆச்சி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இடது பெருவிரலை மையில் உருட்டித் தாளில் வைப்பாள். அவர் நோட்டுகளை அவள் கையிலேயே எண்ணி வைப்பார். "சரியா இருக்கா ஆச்சி?" என்பார். "நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்யா" என்பாள். வளவுக்காரருக்கு வாடகை அதிலிருந்துதான் போகும். உதவித்தொகையில் பாதிகூட வராது அந்த வாடகை. ஆச்சியின் கவலை எல்லாம் அரிசிதான். வாடகையைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

இன்று அதே பேட்டையில், வேறொரு வளவில், என் சித்தி இருக்கிறாள். அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு அரிசிக் கவலை இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். தனி ஆள் அட்டைக்கு மாதம் 12 கிலோ. நம் மாநிலம் செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன். பசியை ஓர் அரசு இவ்வளவு தூரம் விரட்டியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஆச்சி காலத்தில் ஓரமாகக் கிடந்த வாடகை இன்று நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சித்தியின் ஒற்றை அறைக்கு மாதம் 3,000 ரூபாய். அட்வான்ஸ் தனி. கரண்டு தனி: 100 யூனிட் இலவசம் என்பது வளவுக்காரர் பெயரிலுள்ள மீட்டருக்குப் போய்விடுகிறது, சித்தி உள்மீட்டர் பார்த்து யூனிட் கணக்கில் அவரிடம் கட்டுகிறாள்.

முதியோர் உதவித்தொகை 2011-இல் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200. பன்னிரண்டு வருஷத்தில் 200 ரூபாய் ஏறியிருக்கிறது. அதிலும் இந்திரா காந்தி பெயரிலான தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு கொடுப்பது 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 200 ரூபாய்தான். 2006-இல் வைத்த தொகை அது, இன்றுவரை நகரவில்லை. 80 கடந்தவருக்கு 500. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. 1,200 ரூபாயை 3,000 ரூபாய் வாடகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தத் தொகையை முடிவு செய்பவர்கள் மனதில் இன்னும் 1962-இன் அரிசிப் பானைதான் இருக்கிறது. தலைக்குமேல் கூரை என்ற செலவு அந்தக் கணக்கில் ஒருநாளும் ஏறவில்லை.

சித்திக்கு அந்த 1,200-உம் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அவள் பீடி சுற்றியதுதான்.

பீடித் தொழில் 1977-இல் வருங்கால வைப்பு நிதிக்குள் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டதற்குத் தொழிற்சங்கங்கள் நிறையப் பாடுபட்டன. ஆனால் பீடிக் கடையில் பாஸ் புத்தகம் போட்டுக் கொடுப்பது எல்லாருக்கும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பாஸ் கிடைத்தாலே பெரிது. சித்தி கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியார் பாஸில்தான் சுற்றினாள். இலை நனைப்பது, தகடு வைத்து வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவது எல்லாம் அவள். பெயர் மாமியார் பெயர். மாமியார் கண்ணை மூடிய பிறகுதான் அவள் பெயரில் பாஸ் வந்தது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையில் பின்பாதி மட்டும்தான் காகிதத்தில் இருக்கிறது.

1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு இது: கடைசிக் காலச் சம்பளத்தின் சராசரியைப் பணி வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 4,000 என்று வைத்து 15 வருஷம் என்றால் 857 ரூபாய் வரும். பத்து வருஷமாவது இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று வைத்தார்கள். அதை 7,500 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர்கள் நாடு முழுக்கப் பல வருஷமாகக் கேட்கிறார்கள். முன்கூட்டியே எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆயிரமும் முழுசாக வருவதில்லை. சித்திக்கு அப்படித்தான். குடும்பக் கஷ்டத்தில் 58 வயதுக்கு முன்பே விண்ணப்பித்தாள். இந்தத் தொகை வருவதாலேயே, இன்னொரு ஓய்வூதியம் வாங்குகிறவர் என்ற கணக்கில், முதியோர் உதவித்தொகை கிடையாது. வாழ்நாள் முழுக்க உழைத்ததற்கு வந்த பணம், உழைக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய பணத்தைவிடக் குறைவு. இதை எந்தச் சட்டசபையில் நின்று யார் நியாயப்படுத்துவார்கள்?

அந்தப் பணத்துக்கும் வருஷம் ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். விரல் ரேகை வைக்க வேண்டும். ஒரு தடவை நானும் கூடப் போனேன். மெஷின் வைத்திருந்த பையன் நல்ல பிள்ளை; "அம்மா, இன்னொரு விரல் வைங்க" என்று பத்து விரலையும் வைக்கச் சொன்னான். ஒன்றும் ஏறவில்லை. ஈரத்துணியில் துடைத்து வைத்தாள். தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள். அப்போதுதான் அவள் விரல்நுனிகளை நான் உற்றுப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்தன. இலையை உருட்டி உருட்டி ரேகை தேய்ந்துபோயிருந்தது. அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் விரல்களைக் காட்டினார்கள். எல்லாரும் பீடிக்காரர்கள். இப்போது முகத்தைக் காட்டிச் சான்று வாங்கும் வழியும் இருக்கிறது. அதற்கு நல்ல போன் வேண்டும், பொறுமையாகப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஆச்சியின் பெருவிரலும் பீடி சுற்றிய விரல்தான். ஆனால் தபால்காரர் ரேகையைப் பார்க்கவில்லை, ஆச்சியைப் பார்த்தார்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏழைக்கு வீடு கட்டித் தரும் திட்டங்களில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. 1961-இல் வீட்டு வசதி வாரியம், 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று முன்னோடியாகவே நடந்தது. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பீடித் தொழிலாளருக்கென்றே மத்திய தொழிலாளர் துறை வீட்டு மானியம் வைத்திருந்தது: 2007-இல் 40,000 ரூபாய், 2016-இல் ஒன்றரை லட்சம். 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தில் நகரத்தில் சொந்த இடத்தில் கட்டிக்கொள்ள மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநிலம் 60,000, ஆக 2,10,000 ரூபாய் கொடுத்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மானியம் வாங்கப் பட்டா வேண்டும். அடுக்குமாடி வீடு என்றால் பயனாளி பங்குத் தொகை என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேலே கட்டச் சொல்கிறார்கள். பட்டாவும் இல்லாமல், லட்சமும் இல்லாமல், அறுபது வயதில், கடன் கொடுக்க வங்கியும் இல்லாமல் வாடகை வளவில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இதில் எந்தக் கதவு? இந்தத் திட்டங்கள் ஏழையை வீட்டுக்குச் சொந்தக்காரராக ஆக்கவே நினைக்கின்றன. கடைசிவரை வாடகைக்கே இருந்து போகிற ஏழை ஒருவர் உண்டு என்பதை இவை எழுதி வைக்கவில்லை.

முன்பு சட்டமாவது இருந்தது. 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியிருப்பவர் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போடலாம். 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். இரண்டு தரப்பும் எழுதிக்கொண்டதுதான் வாடகை. பழைய சட்டத்தில் வீட்டுக்காரர்களுக்கும் குறை இருந்தது. பல வீடுகள் பூட்டியே கிடந்தன. மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகையைச் சந்தைக்கு விட்ட அரசு, சந்தை விலை கொடுக்க முடியாத கிழவிக்கு ஒரு வழி சொல்லியிருக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பேட்டையிலிருந்து செங்கோட்டை ரயிலில் போய்த் தென்காசியில் மாறினால் கடையநல்லூர். அங்கிருந்து தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்குப் போனவர்கள் உண்டு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஓரறை வீட்டை மாதம் 26 வெள்ளியிலிருந்து வாடகைக்கு விடுகிறது. வருமானம் பார்த்து வாடகை. வாங்கச் சொல்வதில்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் வாழ்விட மேம்பாட்டு வாரியமே பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, அந்தக் குடும்பங்கள் வெளியே வாடகைக்கு இருக்க 24,000 ரூபாய் கொடுக்கிறது. முன்பு 8,000 ஆக இருந்ததை ஏற்றினார்கள். வாடகைக்கு உதவுவது அரசுக்குத் தெரியாத வேலை இல்லை.

போன தை மாதம் வளவுக்காரர் வாடகையில் 500 ஏற்றினார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் சுவரும்தான் ஊறியது. சித்தியைக் கூட்டிக்கொண்டு திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வெளியே மனு எழுதிக் கொடுக்கிற பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பட்டாவா, வீடா, பென்சனா? எதுன்னு போடட்டும் தாயி?" என்றார்.

சித்தி யோசித்தாள். "வாடகைன்னு போடுங்கய்யா" என்றாள்.

அவர் அப்படியே எழுதினார். சித்தி ரேகை வைத்தாள், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நான் சேர்க்கச் சொன்ன கோரிக்கைகள் மூன்று: பீடி ஓய்வூதியம் 1,200-க்குக் கீழே இருந்தால் மாநிலம் அதை நிரப்பட்டும், சொந்த வீடில்லாத, 60 கடந்த, வாடகைக்கு இருக்கிற தனி ஆளுக்கு வருஷம் 24,000 ரூபாய் வாடகை உதவி வேண்டும், பேட்டைப் பகுதியில் இனி கட்டும் வாரியக் குடியிருப்புகளில் ஒரு தளத்தைப் பங்குத் தொகை கேட்காமல் முதியவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும், தரைத்தளமாக இருந்தால் நல்லது, சித்திக்கு முழங்கால் வலி. மனு எண் போட்ட சீட்டை அவள் பீடிப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். பதில் வந்ததும் அடுத்தவர்களும் போடுவதாக இருக்கிறார்கள். அந்தப் பெஞ்சில் பார்த்த பெண்களில் நாலைந்து பேர் வாடகைச் சீட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள்.