கேபிள் இருக்கு, நெட் எங்கே?

பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டர். லேன் கேபிள் செருகித்தான் இருக்கு, நெட் மட்டும் வரலை. புதுசு வாங்கிடலாம்னு பையன் சொல்றான். (வாசகர், கும்பகோணம்)

பையன் கம்ப்யூட்டர் கடையிலா வேலை பார்க்கிறார்? பர்ஸை எடுப்பதற்கு முன் டார்ச்சை எடுங்கள். பெட்டியின் பின்பக்கம், கேபிள் நுழையும் துளைக்குப் பக்கத்தில் குட்டி விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் விண்டோஸில் எந்தப் பட்டனைத் தட்டியும் புண்ணியமில்லை. ரூட்டரில் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு வேறு கேபிள். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே கழன்றுவிடும்.

விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆனாலும் நெட் இல்லையே? (வாசகி, காரைக்குடி)

அப்படியானால் முகவரியைப் பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் கன்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் பகுதியில் ‘லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்’ மேல் தட்டி ‘டீடெய்ல்ஸ்’ திறந்தால் ஐபி எண் தெரியும். அது 169.254 என்று தொடங்குகிறதா? ரூட்டர் முகவரி தரவில்லை, கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பந்தியில் யாரும் கவனிக்காததால் தானே இலையை விரித்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி. இலை இருக்கும், சோறு வராது. ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுபடி அதே எண் வந்தால் கேபிளை மாற்றுங்கள். விளக்கு எரிவது கேபிளுக்கு நற்சான்றிதழ் ஆகாது.

பழைய பெட்டிகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. முன்பு கேபிள் டிவிக்காரரிடம் இணைப்பு வாங்கியபோது வந்த தம்பி, ஐபி எண்ணைக் கையால் அடித்துவிட்டுப் போயிருப்பார். இப்போது ஃபைபர் வந்து ரூட்டரும் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் பழைய விலாசத்திலேயே குடியிருக்கிறது. ஐபிவி4 அமைப்பில், முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிட்டால் தீர்ந்தது.

முகவரியும் சரி என்றால், சிஎம்டி என்ற கறுப்புத் திரையில் ‘பிங்’ கொடுத்து முதலில் ரூட்டரின் எண்ணைக் கூப்பிடுங்கள் (பல வீடுகளில் 192.168.1.1). பிறகு 8.8.8.8. ரூட்டர் பதில் சொல்லி மற்றது சொல்லாவிட்டால், பெரும்பாலும் கோளாறு உங்கள் பெட்டியில் இல்லை. இணைப்பு தருபவருக்குப் போன் போடலாம். இரண்டும் பதில் சொல்லியும் தளங்கள் திறக்கவில்லையா? டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 போட்டுப் பாருங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. வைரஸா? (வாசகர், ஆம்பூர்)

கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 ஜனவரி என்று காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் அவையெல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை.

விண்டோஸை மறுபடி போட்டபின் லேன் காணாமல் போய்விட்டது. டிரைவரை நெட்டில் இறக்கு என்கிறார்கள். நெட் இருந்தால் நான் ஏன் டிரைவர் தேடுகிறேன்? (வாசகர், தூத்துக்குடி)

நியாயமான கோபம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி, ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். விண்டோஸ் 7-க்கு மேல் என்றால் போனே தற்காலிக லேன் கார்டாகிவிடும். மதர்போர்டு மாடலைச் சொல்லித் தேடி, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று கூவும் மென்பொருள் பக்கம் போகாதீர்கள். டிரைவரோடு அது கூட்டிவரும் சொந்தக்காரர்களை அப்புறம் கிளப்ப முடியாது.

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். 94-க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா? (வாசகி, திருப்பூர்)

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். 94 என்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒழுங்காக வேலை செய்வதற்கான அடையாளம். ரியல்டெக் 8139 போன்ற பழைய கார்டுகளின் உச்சமே 100தான். கார்டு கிகாபிட்டாக இருந்தும் 94 என்றால் சந்தேகம் கேபிள் மேல்: அதற்குள் எட்டுக் கம்பிகள். 100-க்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும்.

இடி இடித்த இரவிலிருந்து லேன் செத்துவிட்டது. (வாசகர், நாகர்கோவில்)

ரூட்டர் பிழைத்ததா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போயிருந்தால் யுஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். மதர்போர்டை மாற்ற வேண்டாம். அடுத்த மழைக்கு பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

எக்ஸ்பி வைத்திருக்கிறேன். பிங் வருகிறது, தளம் வரவில்லை. (வாசகர், வேலூர்)

எக்ஸ்பி 2001-இல் வந்தது. இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2, 2008-இல். கேபிளைக் குறை சொல்லாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இலேயே கைகழுவிய பெட்டி அது. இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள், அல்லது நெட்டைக் கழற்றிவிட்டு சீட்டு ஆடுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

எலி கடித்த கேபிளை டேப் சுற்றி ஒட்டலாமா? (வாசகி, மன்னார்குடி)

கூடாது. கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பதே இரைச்சலைத் தடுக்கத்தான். முறுக்கைப் பிரித்து ஒட்டினால் வேகம் தள்ளாடும். கடித்த இடம் முனைக்குப் பக்கத்தில் என்றால் வெட்டிவிட்டுப் புது பிளக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நடுவில் என்றால் புதுக் கேபிள். எலிக்கு என்ன செய்வது என்பது வேறு பகுதியில் கேட்கவேண்டிய கேள்வி.