கட்டிப்போட்டால் குட்டிபோடும்: ஓர் இலையியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

நோட்டுக்குள் மயிலிறகை வைத்து, பென்சில் சீவிய தூளைத் தீனியாகப் போட்டு, அது குட்டி போடுமென்று காத்திருந்து ஏமாந்த தலைமுறைகள் தமிழில் பல. நம்பிக்கை பிழையா, நம்பப்பட்ட பொருள் பிழையா? பின்னதே என ரணகள்ளிச் செடியின் இலையைக் கொண்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பெயராய்வு

ரணகள்ளிக்கு மறுபெயர் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’. வேம்பு, வாழை எனப் பல ஒற்றைச் சொல்லில் அடங்க, இச்செடி நிபந்தனையும் வினைமுற்றும் கூடிய முழு வாக்கியத்தையே பெயராகச் சூடியுள்ளது. செய்முறை விளக்கமே பெயரான பொருள் எம் வீட்டில் வேறில்லை. மிக்சிக்குக்கூட அது தனிப் புத்தகமாகத்தான் வந்தது. ‘கள்ளி’ என்பதோ வெறும் பட்டம். ஒடித்தால் பால் வராது. பூர்விகம் மடகாஸ்கர்.

முன்னாய்வுகள்

ஜெர்மானியக் கவிஞர் கதே இதன் இலைகளை நண்பர்களுக்குப் பரிசளித்து மகிழ்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னையில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் இன்னும் ஒருபடி மேலே போய் இலையை மென்றே பார்த்தார்: காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பு, மாலையில் லேசான கசப்பு. அவர் எழுதியது லண்டன் லின்னேயன் சங்க இதழில் 1815-இல் வெளியானது.

காரணம் பின்னால் துலங்கியது. பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். ஆகவே இச்செடி இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. விடியலில் இலை புளிக்கிறது. பகலில் அந்த இருப்பு செலவாகப் புளிப்பும் குறைகிறது. இச்சோதனையை நாமும் செய்ய முனைந்தபோது, “விடிஞ்சதும் காபி போதாதா உங்களுக்கு?” என்ற இல்லத்துணையின் வினாவால் ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.

களஆய்வு

ஒரே செடியின் நான்கு இலைகள். முதலாவது, பால்கனி கம்பியில் நூலால் கட்டப்பட்டது. இரண்டாவது, மகளின் கணக்கு நோட்டுக்குள். மூன்றாவது, மாட்டுச்சாணமும் மண்புழு உரமும் கலந்த புதுத்தொட்டியில், தினம் இருவேளைத் தண்ணீருடன். நான்காவது கைதவறி சன்ஷேடில் விழுந்தது. எடுக்க ஏணி இல்லை.

இரண்டாம் வாரம் கட்டுண்ட இலையின் விளிம்புப் பள்ளங்களில் கடுகளவு பச்சை எட்டிப் பார்த்தது. நோட்டுக்குள் இருந்தது வெள்ளைநூல் வேர்களைப் பின்னப் பகுதியில் பரப்பியிருந்தது. சன்ஷேடில் ஒரு கூட்டுக்குடும்பமே எழுந்துவிட்டது. சகல உபசாரமும் பெற்ற மூன்றாவது அழுகிக் கூழானது.

விளக்கம்

தாய்ச்செடியோடு இருக்கும்வரை விளிம்பு மொட்டுகள் பெரும்பாலும் உறங்குகின்றன. இலை பிரிந்தபின் விழித்துக்கொள்கின்றன. தனிக்குடித்தனம் போனால்தான் பிள்ளைகுட்டி என்பது இதன் குலதர்மம். சீர்வரிசைத் தண்ணீர் சதைப்பற்றுள்ள இலைக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து நாம் ஊற்றுவது அன்பன்று, அழுகல். வேர் பிடித்த குட்டியை மணல் கலந்த மண்ணில் வைத்து, மண் காய்ந்தபின் மட்டும் நீர் விட்டால் போதும். வளர்ப்பவரின் சோம்பலே இங்கு உரம். அத்தகுதியை இவ்வாய்வாளர் இயல்பாகவே பெற்றிருந்தும், மூன்றாம் இலையிடம் வீணாக உழைத்துவிட்டார்.

முடிவு

கருதுகோள் மெய்ப்பட்டது. மகளிடம் இதை முறைப்படி அறிவித்தோம். அவள் நோட்டைத் திறந்து, குட்டிபோட்ட இலைக்குப் பக்கத்தில் தன் மயிலிறகை வைத்து மூடினாள்.

“பார்த்தாவது கத்துக்கட்டும்ப்பா.”