நீர்யானை பட்டாசுச் சட்டத்துக்குள் வருமா?

ஆய்வுச் சிக்கல்

விருதுநகர் மாவட்டத்தில் நீர்யானை கிடையாது. பார்க்க ஆசைப்பட்டால் திருவனந்தபுரத்துக்கோ வண்டலூருக்கோ வண்டி ஏற வேண்டும். இக்குறையைப் போக்க ஒன்றைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தால் என்ன உரிமம் வாங்குவது? சத்தம் போட்டு, நிறம் காட்டி, சிதறவும் செய்கிற எதுவும் சிவகாசி எல்லைக்குள் பட்டாசுதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

பூர்வீகம்

வெளிநாட்டுப் பட்டாசை இறக்க அனுமதியில்லை. ஆனால் சிவாலிக் மலையடிவாரத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் ஹெக்ஸாபுரோட்டோடான் என்னும் நீர்யானையின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இலங்கையின் இரத்தினபுரியிலும் உண்டு. ஆக, இது கள்ளச்சரக்கு அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உற்பத்தி நின்றுபோன உள்நாட்டுச் சரக்கு.

சத்தம்

விதிப்படி வெடிச்சத்தம் 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. நீர்யானையின் கனைப்பு சுமார் 115 என்கிறார்கள். தேறிவிடும். ஏறக்குறைய ஒன்றரை டன் உடம்பு, 150 பாகை வரை பிளக்கும் வாய், அதற்குள் முழ நீளக் கோரைப்பல். இதற்கு 4 மீட்டரில் கருவி பிடித்து நிற்க ஆள் கிடைக்காததால் சோதனை மட்டும் பாக்கி.

சிக்கல் வேறிடத்தில். ஒரு நீர்யானை கனைத்தால் பக்கத்துக் கூட்டம் பதில் கொடுக்கிறது. அதைக் கேட்டு அடுத்த கூட்டம். சத்தம் ஆற்றோடு மைல்கணக்கில் போகும். மூக்கு வெளியே, தொண்டை தண்ணீருக்குள் இருப்பதால் ஒரே குரல் காற்றிலும் நீரிலும் பாய்கிறது. நீரில் நான்கு மடங்குக்கு மேல் வேகம். இது சந்தேகமில்லாமல் சரவெடி. சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்துவிட்டது. எனவே ஒற்றை நீர்யானைக்கே பரிந்துரைக்க முடியும்.

வண்ணம்

அதே தீர்ப்பு பேரியத்தையும் தடுத்தது. நீர்யானையிடம் பேரியம் இல்லை. அதன் தோலில் ஊறும் பசை முதலில் நிறமற்றது. சில நிமிடங்களில் சிவந்து, பிறகு பழுப்பாகும். ‘இரத்த வியர்வை’ என்பார்கள். அது இரத்தமுமல்ல, வியர்வையுமல்ல. சிவப்பு, ஆரஞ்சு என இரண்டு நிறமிகளை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அவை புற ஊதாக் கதிரைத் தடுக்கும். சிவப்பு நிறமி கிருமியையும் அடக்கும். மத்தாப்பில் சிவப்பு எரிய நமக்கு ஸ்ட்ரான்சியம் வேண்டும். இதுவோ ராத்திரிக்கு 40 கிலோ புல்லோடு காரியத்தை முடிக்கிறது. இதைவிடப் பசுமைப் பட்டாசு வேறில்லை.

சிதறல்

சாணி போடும்போது குட்டை வாலை இடமும் வலமும் வீசியடிக்கும். வகை: சங்குசக்கரம். மொசாம்பிக்கில் பதிவுசெய்த கனைப்புகளை நீர்யானைகளுக்கே போட்டுக்காட்டி, முடிவை 2022இல் வெளியிட்டார்கள். பழகிய குரலுக்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. அசலூர்க் குரலுக்குத்தான் சாணி வீச்சு அதிகம். தீபாவளி நெருக்கத்தில் வெளியூரிலிருந்து விலை விசாரிக்க வருவோர் இங்கேயும் 4 மீட்டர் தள்ளி நிற்பது நல்லது.

சேமிப்பு

கடைசிக் கலத்தில்தான் விண்ணப்பம் மாட்டிக்கொள்கிறது. சரக்கு வைக்கும் இடத்தில் ஈரம் கூடாது. நீர்யானையோ பகல் முழுக்கத் தண்ணீரில் கிடக்காவிட்டால் தோல் காய்ந்து வெடித்துவிடும். நமத்துப்போனால் மட்டுமே கெடாமலிருக்கும் பட்டாசை விதி எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இங்கே ஊன்றிய தொழில் தழைத்ததற்கு மண்ணின் வறட்சியும் ஒரு காரணம். வைப்பாற்றில் பெரும்பாலும் மணல்தான். வெம்பக்கோட்டை அணை நிரம்ப மழை வேண்டும்.

மழை கேட்டு மனுப் போடலாம். கரிசல்காட்டு விவசாயி யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார். களத்தில் வெடியைக் காயப்போட்டிருப்பவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். ஆகவே நீர்யானையின் கோப்பு நிலுவையில் உள்ளது.