உபயம்: பூனை

வாடகை வீட்டில் பூனை வளர்க்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் சொல்ல ஒரு நியாயம் வேண்டும். "மனசுக்கு ஆறுதலா இருக்கும் சார்" என்றால் எடுபடாது. "எலி அண்டாது சார்" என்று சொல்ல வேண்டும். எங்கள் அஸ்தினாபுரத்தில் இந்தச் சொல்லுக்கு நல்ல மரியாதை உண்டு. காலி மனைகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கும் ஊர் இது. அஸ்திவாரம் தோண்டும்போது வளையிழந்த எலிகள் பக்கத்து வீட்டுக்குத்தான் குடிபெயர்ந்தாக வேண்டும். ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் மிச்சமிருப்பவையும் மூட்டை கட்டிவிடும். இதெல்லாம் தெரிந்த எங்கள் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். சொக்கன், அல்லி என்ற இரண்டு பூனைகளும் உணவு, உறைவிடம், மருத்துவச் செலவு உட்பட எலி ஒழிப்புப் பணியில் சேர்ந்தார்கள்.

முதல் எலியை வீட்டுக்குள் கொண்டுவந்தது அல்லிதான்.

வாயில் கவ்வி, வாசல் வழியாக, உயிரோடு. கூடத்தின் நடுவே பதமாக இறக்கி வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். தாய்ப்பூனை குட்டிகளுக்கு வேட்டை பழக்கும்போது முதலில் செத்த எலியைக் கொண்டுவரும். பிறகு உயிருள்ளதைக் கொண்டுவரும். அல்லி எங்களை நேராக இரண்டாம் பாடத்துக்கே தூக்கிப்போட்டுவிட்டாள். மாணவர்களில் ஒருவர் நாற்காலி மேல் ஏறினார். நாற்காலியில் இருவருக்கு இடமில்லாததால் இன்னொருவர் சோபா மேல் ஏறினார். சுண்டெலி நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனது. அல்லி உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொள்ளத் தொடங்கினாள்.

சொக்கன் சமையலறை வாசலில்தான் படுத்திருந்தான். எலி அவன் வாலைத் தாண்டித்தான் போனது. ஒரு கண்ணைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். பூலோகத்தைப் பற்றித் தெரியாது. சொக்கன் கண்ணை மூடியதும் எலியைக் காணோம்.

"ஏங்க, இதுங்க சாப்பாட்டுக்கு மட்டும் மாசம் எவ்வளவு ஆகுது?" என்றாள் மனைவி, நாற்காலியிலிருந்து.

சொக்கனின் சார்பில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு மறுசுழற்சி ஆலை. எலிகளுக்குப் பஞ்சமில்லை, பூனைகளும் வந்து போகும். ஆராய்ச்சியாளர்கள் அங்கே கேமரா வைத்து 79 நாட்கள் கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை நாளில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. லண்டனில் பிரதமர் இல்லத்தில் எலி பிடிப்பதற்கென்றே 2011-இல் லாரி என்ற பூனையை அழைத்துவந்தார்கள். அந்த ஆண்டே விருந்து மேசையருகே எலி ஓட, பிரதமர் டேவிட் கேமரூன் முள்கரண்டியை எடுத்து வீசினார் என்று செய்தி வந்தது. அதன்பின் பிரதமர்கள் பலர் மாறிவிட்டார்கள். லாரி பதவியில் நீடித்தது. வேலை பார்ப்பதற்கும் வேலையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

சொக்கன் ஒன்றுமே பிடித்ததில்லை என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை பின்கட்டில் மூஞ்சூறு ஒன்றைப் பிடித்துக் கொன்றான். மூஞ்சூறு பார்வைக்குத்தான் எலி. கொறிக்கும் இனமே இல்லை. கரப்பான் பூச்சியைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் பிராணி. போதாததற்குப் பிள்ளையாரின் வாகனம் என்று வீட்டில் ஒரே கலவரம். அதன் நாற்றம் தாங்காமல் சொக்கனும் அதைத் தின்னவில்லை. சம்பளமில்லாமல் உழைத்த ஒரே ஊழியரும் அத்தோடு போய்விட்டார்.

ஆக, சுண்டெலியை நாங்களேதான் பிடிக்க வேண்டும். ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"கேக் வைங்க சார், தின்னுட்டு வெளியே போய்ச் செத்துடும்" என்றார் கடைக்காரர்.

"பூனை இருக்கு."

"பூனை இருக்கா? அப்புறம் எதுக்கு சார் மருந்து?"

இதற்குப் பதில் சொல்ல நேரமாகும் என்பதால் சொல்லவில்லை. எலி கேக்குகளில் பல, ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. அதைத் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ஆபத்து. பசை அட்டை வைத்தால் அதில் முதலில் ஒட்டிக்கொள்ளப் போவது அல்லியின் கால்தான். கடைசியில் பழைய மரப்பொறியே கதி என்று ஆயிற்று. உள்ளே கொக்கியில் தீனியை மாட்டி, எலி இழுத்ததும் கதவு விழும் அந்தப் பெட்டிதான்.

பொறிக்குள் மசால் வடை என்பது தமிழர் மரபு. ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் உடம்புக்கு ஆகாது. ரத்த அணுக்களையே அழித்துவிடும். எலிக்கு வைத்த வடையைப் பூனை எடுத்தால் டாக்டருக்குச் செலவு. ஆகவே சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டினேன். வடையை நான் சாப்பிட்டேன்.

பொறியை வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் வேட்டை உணர்ச்சி விழித்துக்கொண்டது. இருவரும் பொறிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சொக்கன் கொக்கியை ஆராய்ந்தான். அல்லி கதவைத் தட்டி விழவைத்தாள், நான் தூக்கி மாட்டினேன், மறுபடி விழவைத்தாள். இத்தனை காவலைத் தாண்டி எந்த எலி வரும்? இருவரையும் படுக்கையறைக்குள் தள்ளித் தாழிட்டோம். எலி பிடிக்க வந்தவர்களை எலிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று அடைத்துவைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். விடியற்காலையில் சமையலறையில் 'டப்' என்றது.

பிடித்ததை எங்கே விடுவது? செம்பாக்கம் எல்லைப் பக்கம் ஒரு காலி மனை மிச்சமிருந்தது. பொறியோடு போனேன். எதிரே செம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் கையிலும் ஒரு பொறி. இருவரும் பார்த்துக்கொண்டோம். முன்பென்றால் அவர் ஒரு நகராட்சி, நான் ஒரு நகராட்சி என்று எல்லைத் தகராறு வந்திருக்கும். 2021-இல் இரண்டும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால், ஒரே மாநகராட்சியின் எலிகளை ஒரே மனையில் சுமுகமாகத் திறந்துவிட்டோம்.

"உங்க வீட்ல பூனை இருக்கா தம்பி?" என்றார்.

"ரெண்டு இருக்கு ஐயா."

"எங்க வீட்ல மூணு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றே சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைப் பார்த்தேன். சுற்றிலும் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. சுண்டெலிக்கு அதுவே ராஜவாசல். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அதில் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். கதவடியிலும் ஒரு பட்டை அடித்தேன். தானாக வரும் எலி அத்தோடு நின்றது. இப்போது வருபவை எல்லாம் அல்லி அழைத்து வருபவைதான்.

ஆகையால் வாசகர்களுக்குச் சொல்வது இதுதான்: எலி வேண்டாமென்றால் ஓட்டையை அடையுங்கள். பூனை வேண்டுமென்றால் பூனைக்காகவே வளருங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்காதீர்கள். பூனை வாங்கும் நாளிலேயே மறக்காமல் ஒரு எலிப்பொறியும் வாங்கிவிடுங்கள்.